மார்ச் மாதத்தில் ஆர்க்கிட் மொட்டைக் காப்பாற்றுவது எப்படி

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல், காற்றில் ஈரம் ஏற்றும் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டில் கழிந்தது. காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், ஈரம் ஏறினால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். அதனால் ஸ்பின்னிங்கில் ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்துக்குள் பிடித்து வைப்போம். ரிட்டயர் ஆன வருடம் மகள் ஒரு வெள்ளை ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கிக் கொடுத்தாள். அதுவும் 50 முதல் 70 சதவீதம் ஈரத்தைத்தான் கேட்கிறது என்று தெரியவந்தபோது சிரிப்புத்தான் வந்தது. "நூலுக்குப் பார்த்தது போதாதுன்னு பூவுக்கும் ஷிப்ட் பார்க்கறீங்களா" என்றாள் வீட்டுக்காரம்மா.

இந்தச் செடிக்கு நம் ஊரில் ஒரு சிக்கல். இரவுக் குளிர் சில வாரம் தொடர்ந்தால்தான் பூந்தண்டு விடும். டிசம்பர், ஜனவரியில் கோவைக் குளிரே அதற்குப் போதும். ஆனால் அந்தத் தண்டு நீண்டு மொட்டு கட்டுவதற்குள் மார்ச் வந்துவிடும். நம் காற்று எலும்பாகக் காய்ந்து கிடக்கிற காலமும் அதுதான். முதல் வருடம் ஒன்பது மொட்டில் ஏழு மஞ்சளாகி உதிர்ந்தது. தண்ணீர் போதவில்லை போல என்று தினமும் ஊற்றினேன், வேர் அழுகிவிட்டது. காய்ந்தது காற்று, நான் நனைத்தது வேரை. வேர் வெள்ளி நிறமாக இருந்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். காற்றின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வேண்டும். மலிவானது போதும், ஆனால் வாங்கியதும் நம்பிவிடாதீர்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து ஓடிவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து இரவு முழுக்க மூடிவிடுங்கள். காலையில் 75 காட்டவேண்டும். என்னுடையது 69 காட்டியது, அதனால் எப்போதும் 6 கூட்டிக்கொள்கிறேன். மீட்டர் வேண்டாம் என்றால் மில்லில் செய்த மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் வைத்து, ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித் துணி சுற்றி, மின்விசிறிக் காற்றில் காட்டுங்கள். காய்ந்தது 34 டிகிரி, ஈரமானது 22 டிகிரி என்றால் ஈரப்பதம் கிட்டத்தட்ட 35 சதவீதம். மார்ச் மதியம் எங்கள் ஹாலில் நான் பார்த்த அளவு அதுதான். காலை ஆறு மணி அளவை வைத்து ஏமாறாதீர்கள், மதியம் இரண்டரை மணிக்குப் பாருங்கள்.

சரி, 35ஐ 55 ஆக்குவது எப்படி?

எல்லோரும் சொல்வது ஸ்பிரே பாட்டில். தெளித்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன், கால் மணி நேரத்தில் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. போர் தண்ணீராக இருந்தால் இலையில் வெள்ளைப் படிவு மட்டும் மிஞ்சும். நான் சிறுவாணித் தண்ணீர்தான் பிடித்து வைக்கிறேன். தெளித்தே ஆகவேண்டும் என்றால் காலையில் தெளியுங்கள், பூவிலும் மொட்டிலும் படவேண்டாம். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குருத்து அழுகும்.

தாம்பாளத்தில் ஜல்லி பரப்பித் தண்ணீர் விட்டு மேலே தொட்டியை வைப்பது கொஞ்சம் உதவும், எனக்கு மூன்று நான்கு சதவீதம் கிடைத்தது. தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் டெங்கு கொசுவைத்தான் வளர்ப்பீர்கள்.

உண்மையில் வேலை செய்தது சணல் சாக்கு. மில்லில் தண்ணீரைப் பொடியாக்கிக் காற்றோடு அனுப்புவோம். வீட்டில் ஜன்னலுக்குக் குறுக்கே கொடி கட்டி, பழைய அரிசிச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, கீழ் நுனி ஒரு வாளித் தண்ணீரில் இருக்குமாறு விட்டேன். காற்று சாக்கைக் கடந்துதான் செடிக்கு வரவேண்டும், அதுதான் இதில் விஷயம். மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை மேலிருந்து நனைத்துவிடுவேன். பக்கத்திலேயே பெரணியும் மணிபிளான்ட்டும் நெருக்கி வைத்தேன். அந்த மூலையில் மீட்டர் 52, 54 காட்டியது. ஏர்கூலர் உள்ளவர்கள் அதைச் செடியின் மேல் நேராக வீசாமல் அறைக்குள் விட்டாலே போதும்.

ஏசி அறையில் மட்டும் வைக்காதீர்கள். ஏசி காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து வெளியே விடுகிறது. இந்த ஆர்க்கிட்டோ பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து மூச்சு விடும். நீங்கள் ஏசி போட்டுத் தூங்குகிற நேரம்தான் அதற்கு ஈரம் வேண்டிய நேரம்.

இத்தனையும் செய்து 54 காட்டியபோதும் ஒரு ஏப்ரலில் மொட்டு கொட்டியது. மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் அதே மேஜையின் அடியில் வைக்கோலுக்குள் மாம்பழம் பழுத்துக்கொண்டிருந்தது. பழம் விடுகிற எத்திலீன் வாயுவுக்கு இந்த மொட்டு தாங்காது. வாழைத்தாருக்கும் இதே விதி.

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக் காற்று இறங்கியதும் சாக்கை அவிழ்த்துக் காயவைத்து மடித்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கவலை தலைகீழாகும். மீட்டர் 85ஐத் தாண்டும், காற்றும் அசையாமல் நிற்கும். அப்போது பூ இருந்தால் இதழில் பழுப்புப் புள்ளி விழும், அது பூஞ்சை. ஜல்லித் தட்டை எடுத்துவிட்டு, சின்ன மின்விசிறியைச் சுவர் பக்கம் திருப்பி மெதுவாக ஓடவிடுங்கள், இலை லேசாக ஆடினால் போதும். புள்ளி விழுந்த பூவைக் கிள்ளி எறியத் தயங்காதீர்கள். வீட்டுக்காரம்மா தயங்கினாள், ஒரே வாரத்தில் பக்கத்துப் பூ நான்கும் போனது.