முதலில் லாக், அப்புறம் சோதனை: லினக்ஸ் டிரைவருக்கு ஒரு தொடக்கப் பாடம்

ஒரு புரோகிராம் யூஎஸ்பி சாதனத்துக்கு டேட்டா எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து யாரோ கேபிளைப் பிடுங்கிவிடுகிறார்கள். இப்போது உங்கள் டிரைவரின் ரைட் ஃபங்ஷன் ஒரு சிபியூவிலும், டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் இன்னொன்றிலும் ஓடுகின்றன. இரண்டும் தொடுவது ஒரே ஸ்ட்ரக்சரை.

படி 1: அந்த ஸ்ட்ரக்சரில் ஒரு மியூடெக்ஸையும் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லாக்), சாதனம் போய்விட்டதைக் குறிக்கும் ஒரு ஃபிளாகையும் சேருங்கள். எந்தெந்த உறுப்புகளை இந்த மியூடெக்ஸ் காக்கிறது என்று பக்கத்திலேயே கமெண்ட் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதுதான் கைகொடுக்கும்.

படி 2: ப்ரோபில், அதாவது சாதனத்தைச் செருகியதும் கர்னல் அழைக்கும் ஃபங்ஷனில், சாதனத்தைப் பதிவு செய்யும் முன்பே மியூடெக்ஸைத் தயார் செய்துவிடுங்கள். பதிவான மறுகணமே யாராவது ஓப்பன் செய்யலாம்.

படி 3: ரைட் ஃபங்ஷன். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். முதல் வரியில் ஃபிளாகைப் பார்க்கிறார்கள், சாதனம் இருக்கிறது. அடுத்த வரியில் லாக் எடுக்கிறார்கள். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே டிஸ்கனெக்ட் முழுவதுமாக ஓடி முடிந்திருக்கலாம். பார்த்தபோது உண்மையாக இருந்தது, பயன்படுத்தும்போது பொய்யாகிவிட்டது. அதனால் முதலில் லாக் எடுங்கள், உள்ளே போய் ஃபிளாகைப் பாருங்கள், லாக்கை விடாமலேயே யூஆர்பியை (யூஎஸ்பி கோரிக்கை) அனுப்புங்கள். சாதனம் இல்லையென்றால் ஈநோடெவ், அதாவது 19ஆம் எண் பிழையைத் திருப்புங்கள். அந்த வழியிலும் அன்லாக் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

படி 4: டிஸ்கனெக்டில் அதே மியூடெக்ஸை எடுத்து, ஃபிளாகை 1 ஆக்கி, உடனே விட்டுவிடுங்கள். நிலுவையில் உள்ள ஒர்க்கை (பிறகு ஓடட்டும் என்று டிரைவர் வரிசையில் போட்ட வேலை) ரத்து செய்வது அதற்குப் பிறகுதான். ரத்து செய்யும் ஃபங்ஷன், ஓடிக்கொண்டிருக்கும் ஒர்க் முடியும்வரை காத்திருக்கும். அந்த ஒர்க்கோ உங்கள் மியூடெக்ஸுக்காகக் காத்திருக்கும். லாக்கைப் பிடித்துக்கொண்டே ரத்து செய்தால் இரண்டும் அப்படியே நின்றுவிடும்.

ஸ்ட்ரக்சரையும் இங்கே ஃப்ரீ செய்யாதீர்கள். ஃபைலைத் திறந்து வைத்திருப்பவர் இன்னும் இருக்கலாம். அவர் எடுக்கப்போகும் மியூடெக்ஸே அந்த நினைவகத்தில்தான் இருக்கிறது. கேரெஃப் (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) வைத்து எண்ணி, கடைசி ஆள் விடும்போது ஃப்ரீ செய்யுங்கள். கர்னல் சோர்ஸில் உள்ள யூஎஸ்பி ஸ்கெலிட்டன் டிரைவரில் இந்த ஃபிளாக், மியூடெக்ஸ், கேரெஃப் மூன்றையும் பார்க்கலாம்.

யூஆர்பி முடிந்ததும் வரும் கம்ப்ளீஷன் ஃபங்ஷனில் தூங்கக் கூடாது, மியூடெக்ஸோ தூங்கித்தான் காத்திருக்கும், ஆகவே அங்கே மியூடெக்ஸ் ஆகாது. அந்த ஃபங்ஷனோடு பகிரும் டேட்டாவுக்கு ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) வையுங்கள். ஸ்பின்லாக்கைப் பிடித்தபடி யூசர் டேட்டாவைக் காப்பி செய்யாதீர்கள், அந்தக் காப்பியும் தூங்கலாம்.

படி 5: ப்ரூவ் லாக்கிங் கான்ஃபிகை ஆன் செய்து கர்னலை பில்ட் பண்ணுங்கள். 2006இல் வந்த 2.6.18 கர்னல் முதல் இருக்கும், லாக் எடுக்கும் வரிசையைச் சோதிக்கும் லாக்டெப் இதில் இயங்கும். ஓரிடத்தில் அ, ஆ என்ற வரிசையிலும் வேறிடத்தில் ஆ, அ என்ற வரிசையிலும் லாக் எடுத்திருந்தால், நிஜமாகவே மாட்டிக்கொள்ளும் முன்பே டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) எச்சரிக்கும். சரி, இப்போது ஒரு லூப்பில் எழுதவிட்டு, கேபிளை இருபது தடவையாவது பிடுங்கிப் பாருங்கள்.