டவுன்லைட் எங்கே வைப்பது? சீலிங்கில் ஓட்டை போடும் முன் போட வேண்டிய கணக்கு

முதலில் அறையின் பிளானில் கட்டில், சோபா, அலமாரி, ஃபேன் எல்லாவற்றையும் அளவோடு வரையுங்கள். டவுன்லைட்டை, அதாவது சீலிங்கில் பதித்துக் கீழ்நோக்கி ஒளி விடும் லைட்டைக் குறிப்பது அதன் பிறகுதான். ஃபால்ஸ் சீலிங்கின் சேனல் (போர்டைத் தாங்கும் சட்டம்) அடிக்கும் முன்பே இந்த வரைபடம் எலக்ட்ரீஷியன், சீலிங் போடுபவர் இருவர் கையிலும் இருக்க வேண்டும். தாமதமாகக் கொடுத்தால் லைட்டுக்குக் குறித்த சில வட்டங்கள் நேராகச் சேனல் மேல் விழும். சேனலை வெட்டினால் சீலிங் தளரும், லைட்டை நகர்த்தினால் வரிசை கோணலாகும்.

அடுத்தது எண்ணிக்கை. 12க்கு 14 அடி ஹால் என்றால் 168 சதுர அடி. சதுர அடிக்கு 20 லூமன் (லைட் தரும் ஒளியின் அளவு) வைத்தால் 3,360 வரும். 600 லூமன் லைட் 6 போதும். வாட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், பெட்டியில் அச்சிட்ட லூமனைப் பாருங்கள்.

இனி இடைவெளி. பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். ஆறு லைட்டை 2 வரிசையாக, வரிசைக்கு 3 என வைக்கிறோம். 14 அடியை 3 ஆல் வகுத்தால் 4 அடி 8 அங்குலம். அது லைட்டுக்கும் லைட்டுக்கும் உள்ள தூரம். சுவருக்கு அதில் பாதி, 2 அடி 4 அங்குலம். 12 அடிப் பக்கத்தில் இதே முறையில் 6 அடி, சுவரிலிருந்து 3 அடி. பலர் 14 அடியை 4 ஆல் வகுத்து எல்லா இடைவெளியையும் மூன்றரை அடியாக வைத்துவிடுகிறார்கள். அப்போது நடுவில் வெளிச்சம் குவிந்து, ஓரங்கள் மங்கிப்போகும்.

அலமாரி சீலிங் வரை எழும்பினால் அதன் கதவுதான் உங்கள் சுவர். 2 அடி ஆழ அலமாரி வரப்போகிற இடத்தில் வெறும் சுவரிலிருந்து 2 அடி 4 அங்குலம் அளந்தால், கதவுக்கும் லைட்டுக்கும் 4 அங்குலம்தான் மிஞ்சும். கதவின் மேற்பகுதியில் கண் கூசும் வளைவு விழும், உள் தட்டுகள் இருட்டாகவே இருக்கும்.

சமையலறையில் இந்தப் பாதிக் கணக்கே வேண்டாம். மேடையின் முன்விளிம்புக்கு நேர் மேலே வையுங்கள். அறை நடுவில் வைத்தால், காய் நறுக்கும்போது உங்கள் நிழலே பலகையில் விழும்.

ஃபேன் விஷயத்தில் அவசரம் கூடாது. இறக்கை ஒளியை வெட்டினால் அறை முழுக்க மினுக்கும், தலைவலியே வந்துவிடும். 48 அங்குல ஃபேனுக்கு நடுவிலிருந்து இறக்கை நுனி 2 அடி. இறக்கை சீலிங்குக்கு 1 அடி கீழே சுற்றினால், 60 டிகிரி (ஒளி விரியும் கோணம்) லைட்டின் ஒளி அந்த உயரத்தில் பக்கவாட்டில் சுமார் 7 அங்குலம் விரிந்திருக்கும். ஆகவே 2 அடி 7 அங்குலத்துக்குள் லைட் வரக்கூடாது. நம் ஹாலில் ஃபேன் நடுவில் என்றால், நடு லைட்டுகள் அதிலிருந்து 3 அடியில் இருப்பதால் தப்பிக்கின்றன. ஆனால் நீள ராடு போட்டு இறக்கையை 2 அடி இறக்கினால் விரிவு 14 அங்குலமாகும், 3 அடி போதாது. ராடு நீளத்தை இப்போதே முடிவு செய்யுங்கள்.

லைட் வாங்கும்போது பொது வெளிச்சத்துக்கு 60 டிகிரி, படம் மாட்டிய சுவருக்கு 24 டிகிரி. 9 அடி சீலிங்கில் 24 டிகிரி லைட் மேஜை உயரத்தில் 3 அடிக்கும் குறைவான வட்டத்தைத்தான் காட்டும். அதையே ஹால் முழுக்கப் போட்டால் திட்டுத்திட்டாகத் தெரியும். தட்டையான பேனல் லைட்டைவிட, பல்பு உள்ளே ஆழமாகப் பதிந்த வகை நல்லது, படுத்துக்கொண்டு பார்த்தாலும் கூசாது. டிரைவர் (லைட்டுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி) தனியாக வரும் மாடலையே எடுங்கள், அது போனால் அதை மட்டும் மாற்றலாம். ஓர் அறைக்கு ஒரே நிறம், மஞ்சள் சாயல் கொண்ட 3000 கெல்வின் என் தேர்வு.

லைட் கைக்கு வந்த பிறகே ஓட்டை. வெளி வட்டத்தை அளக்காதீர்கள், பெட்டியில் உள்ள கட்-அவுட் (ஓட்டையின்) அளவுக்கு ஹோல் சா (வட்ட ஓட்டை போடும் ரம்பம்) போடுங்கள். போர்டு மூடும் முன், டேப்பை விரித்து வைத்து சேனலையும் வயரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) போட்டதும் லைட் துடித்தால், முதலில் டிரைவரைப் பாருங்கள். டிம் ஆகும் என்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும், டிம்மரும் அதற்குப் பொருந்தும் வகையாக இருக்க வேண்டும்.