ஹெட்போனையும் ஸ்பீக்கரையும் மைக்காகப் பயன்படுத்திப் பதிவு செய்யும் முறை

மைக் கைவசம் இல்லாத நேரத்தில், மேசையில் கிடக்கும் பழைய ஹெட்போனில் பேசியே குரலைப் பதிவு செய்துவிடலாம் என்றால் பலர் அதை விளையாட்டுப் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் டைனமிக் மைக்குக்கும் சாதாரண ஸ்பீக்கருக்கும் உறுப்புகள் ஒன்றே: மெல்லிய சவ்வு, அதன் பின்புறம் ஒட்டிய கம்பிச்சுருள், சுருளைச் சூழ்ந்த காந்தம். சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் சவ்வு அசைந்து ஒலி எழுகிறது. வெளியிலிருந்து வரும் ஒலி சவ்வை அசைத்தால், காந்தப்புலத்துக்குள் சுருள் நகர்ந்து அதில் மின்னழுத்தம் எழுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. பல இன்டர்காம் கருவிகளில் ஒரே ஸ்பீக்கரைக் கொண்டு கேட்கவும் பேசவும் முடிவது இதனால்தான்.

முதல் படி: பொருத்தமான கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கம்பி உள்ள சாதாரண ஹெட்போனே இதற்கு ஏற்றது. புளூடூத் ஹெட்போனும், மின்னிணைப்பு கொடுத்து இயக்கும் கணினி ஸ்பீக்கரும் பயன்படா. அவற்றில் சவ்வுக்கும் வெளி இணைப்புக்கும் நடுவே ஒரு பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) அமர்ந்து ஒரு திசையில் மட்டுமே சிக்னலை விடுகிறது. ஸ்பீக்கர் என்றால், பெட்டிக்குள் பெருக்கி இல்லாத, பின்னால் இரண்டு கம்பி முனைகள் மட்டுமே உள்ள வகை வேண்டும். அதை ஆம்ப்ளிஃபையரிலிருந்து முழுவதும் கழற்றிய பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: ஹெட்போனைக் கணினியில் செருகுதல்

மேசைக் கணினியில் மைக்குக்கென்று தனியாக உள்ள இளஞ்சிவப்பு நிறத் துளையில் ஹெட்போனின் 3.5 மி.மீ. பிளக்கைச் செருகுங்கள். மடிக்கணினியிலும் அலைபேசியிலும் ஒரே துளை மட்டும் இருந்தால் நேரடியாகச் செருகிப் பயனில்லை, ஏனெனில் அந்தத் துளை நான்கு தொடர்புகள் கொண்ட பிளக்குக்கானது. மூன்று தொடர்புகள் கொண்ட ஹெட்போன் பிளக்கைக் கருவி ஹெட்போனாகவே அடையாளம் கண்டு, தன் உள் மைக்கிலேயே பதிவைத் தொடரும். மைக்கையும் ஹெட்போனையும் தனித்தனித் துளைகளாகப் பிரித்துத் தரும் சிறு அடாப்டரை வைத்து, அதன் மைக் பக்கத்தில் செருகினால் வேலை நடக்கும்.

செருகியதும் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளைத் திறந்து, உள்ளீடாக அந்த மைக் துளையையும், சேனலாக மோனோவையும் (ஒற்றைத் தடம்) தேர்ந்தெடுத்துப் பதிவைத் தொடங்குங்கள். பிறகு இரு காதுக்கிண்ணங்களையும் ஒவ்வொன்றாக விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இடப்பக்கக் கிண்ணத்தைத் தட்டும்போது மட்டுமே திரையில் அலை எழும், ஏனெனில் கணினியின் மைக் துளை பிளக்கின் நுனியிலிருந்துதான் சிக்னலை எடுக்கிறது, அந்த நுனி இடப்பக்கத்துக்கு உரியது. அலை எழுந்த கிண்ணம்தான் இனி உங்கள் மைக்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் இசைக்கருவியையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் பேலன்ஸ்டு உள்ளீடு, பிளக்கின் இட, வலப் பக்கத் தொடர்புகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நான் முதன்முதலில் முயன்றபோது ஹெட்போனை மேசைமேல் விரித்து வைத்து, இரு கிண்ணங்களுக்கும் நடுவே நின்று பாடினேன். பதிவில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்டது. இரு பக்கமும் ஒரே ஒலியைப் பெற்று ஒன்றையொன்று அழித்துவிட்டன என்பது புரிய ஒரு மாலை வீணானது. ஒரு கிண்ணத்தைத் தடித்த துணியில் சுற்றி மூடிவிட்டு, மற்றதில் மட்டும் பாடுங்கள். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (சில வகை மைக்குகளுக்குக் கம்பி வழியே மின்சாரம் தரும் வசதி) பொத்தான் இருந்தால் அதை அணைத்தே வையுங்கள். இந்தச் சுருளுக்கு அது தேவையே இல்லை, இணைப்பு தவறாக இருந்தால் தீங்கும் செய்யும்.

மூன்றாம் படி: அளவு அமைத்தல்

ஹெட்போன் தரும் சிக்னல் மிகவும் மெலிதானது. ஆகவே கணினியின் ஒலி அமைப்பில் மைக் சிக்னலைப் பெருக்கும் மைக் பூஸ்ட்டைக் கூட்ட வேண்டியிருக்கும், கூட்டினால் பின்னணி இரைச்சலும் கூடவே எழும். வாய்க்கும் கிண்ணத்துக்கும் இடையே மூன்று நான்கு விரற்கடை மட்டும் விட்டு, ப போன்ற எழுத்துகளின் மூச்சு நேராக மோதாதபடி சற்றுச் சாய்வாகப் பேசினால் பூஸ்ட்டைக் குறைத்தே பதிவு செய்யலாம். மென்பொருளின் அளவுகாட்டியில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெலைச் சுற்றி இருந்தால் போதும்.

நான்காம் படி: பெரிய ஸ்பீக்கரும் டிரம்மும்

என் பார்வையில் இந்த உத்தி உண்மையில் பலன் தருவது இங்கேதான். 1966-இல் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கிட்டார் ஒலியைக் கனமாக்கப் பெரிய ஸ்பீக்கர் ஒன்றையே மைக்காக வைத்துப் பதிவு செய்தார்கள். பின்னாளில் யமஹாவின் என்எஸ்-10 ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வூஃபரை (அடித்தொனிக்கான பெரிய ஒலிபெருக்கி உறுப்பு) பேஸ் டிரம்முக்கு முன்னால் நிறுத்துவது ஒலிப்பொறியாளர்களிடையே பரவிய வழக்கமாயிற்று. பெரிய சவ்வு கனமானது என்பதால் விரைவான அதிர்வுகளுக்கு அசைந்து கொடுக்காது; அடித்தொனியை மட்டும் தாராளமாக வாங்கிக்கொள்ளும்.

வூஃபரின் நேர் முனையை 6.35 மி.மீ. மோனோ பிளக்கின் நுனியோடும், எதிர் முனையைத் தண்டோடும் பற்றவைத்து, இன்டர்ஃபேஸில் செருகுங்கள். சவ்வு டிரம் தோலைப் பார்க்குமாறு பத்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இங்கே சிக்கல் தலைகீழானது: அடி பலமாக விழும்போது சிக்னல் அளவு மீறி உடையக்கூடும், ஆகவே கெய்னை (இன்டர்ஃபேஸ் சிக்னலைப் பெருக்கும் அளவு) முழுவதும் குறைத்து வைத்துத் தொடங்குங்கள், அப்போதும் உடைந்தால் பலமான சிக்னலுக்கான லைன் உள்ளீட்டுக்கு மாற்றுங்கள். சாதாரண மைக் ஒன்றையும் கூடவே வைத்துப் பதிவு செய்து, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். சேர்த்ததும் அடித்தொனி கூடுவதற்குப் பதிலாகக் காணாமற்போனால், வூஃபர் தடத்தைத் தேர்ந்தெடுத்து ஆடாசிட்டியின் இன்வெர்ட் கட்டளையைக் கொடுங்கள். அலை தலைகீழாகி இரண்டும் ஒரே திசையில் உந்தும்.

ஐந்தாம் படி: பதிவைச் செப்பனிடுதல்

வூஃபர் தடத்தில் 200 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டிவிடலாம். தெளிவைத் தருவது மற்ற மைக்கின் வேலை. ஹெட்போனில் பதிந்த குரலுக்கு உச்சத் தொனியைச் சற்று ஏற்றிப் பாருங்கள், ஆனால் அதிகம் ஏற்றினால் இரைச்சல்தான் மிஞ்சும். முழுப்பாடலுக்கு அந்தக் குரல் தாங்காது. பழைய தொலைபேசியில் கேட்பதுபோன்ற அந்த ஒடுங்கிய தன்மையை மறைக்க முயல்வதைவிட, பின்பாட்டுக்கோ இரண்டு வரிக்கோ வேண்டுமென்றே பயன்படுத்துவது நல்லது.