நடுங்கும் கேமரா மட்டும் போதாது: சிற்றூர்த் திகில் படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1999-இல் வெளியான 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்', ஒரு சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் காட்டுக்குள் போய்க் காணாமற்போகும் ஹெதர், ஜாஷ், மைக் என்னும் மூன்று மாணவர்கள் தாங்களே பிடித்த காட்சிகளாக அமைந்த திகில் படம். அதைப் பார்த்துவிட்டு, கையில் கேமராவும் பக்கத்தில் ஒரு காடும் இருந்தால் போதும் என்று கிளம்பியவர்கள் ஏராளம். டேனியல் மைரிக்கும் எட்வர்டோ சான்செஸும் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அதன் பெரும்பகுதியை எட்டு நாள்களில் படமாக்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் கையில் சேர்ந்த சுமார் 20 மணி நேரக் காட்சிகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து வெட்டி ஒட்டித்தான் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் படம் உருவானது என்பதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் தவறு, ஊரை வெறும் பின்புலமாக நினைப்பது. படத்தின் தொடக்கத்தில் பர்கிட்ஸ்வில் என்னும் சிற்றூர்க்காரர்கள் சிலர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். குழந்தைகளைக் கொன்ற ரஸ்டின் பார் என்பவன், தன்னை அவர்கள் பார்ப்பதைத் தாங்க முடியாமல் ஒரு குழந்தையை மூலையில் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டு மற்றதைக் கொல்வான் என்று ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். கடைசி நிமிடத்தில், பாழடைந்த வீட்டின் நிலவறையில் மைக் முதுகைக் காட்டியபடி மூலையில் நிற்கிறான்; ஹெதரின் கேமரா கீழே விழுகிறது; படம் முடிகிறது. பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. முதலில் திரையிட்டுக் காட்டியபோது இந்த முடிவு பலருக்குப் புரியவில்லை. அப்போதும் இயக்குநர்கள் முடிவில் கை வைக்காமல், மூலையைப் பற்றிய பேச்சைத் தொடக்க நேர்காணலில் பிறகு படமாக்கிச் சேர்த்தார்கள். புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: தொடக்கத்தில் எதையும் விதைக்காமல், கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு பாத்திரத்தை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் சொல்ல வைக்கிறார்கள்.

உயிர் போகிற நேரத்தில் இவர்கள் ஏன் இன்னும் படம் பிடிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் வைக்காமல் விடுவது அடுத்த தவறு. கேமரா வழியாகப் பார்க்கும்போது எதிரில் இருப்பது முழு நிஜமாகத் தெரிவதில்லை என்ற பொருளில் ஜாஷ் ஹெதரிடம் குத்தலாகச் சொல்லுமிடத்தில் அந்தப் பதில் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு கேமராவைக் கீழே வைக்காத அவளுடைய பிடிவாதமே கதையாகிவிடுகிறது.

நடிகர்களை உண்மையாகவே பயமுறுத்தினால் போதும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. இரவில் கூடாரத்தை உலுக்கியதும், குழந்தைகளின் குரலை ஒலிப்பதிவுக் கருவியில் ஓடவிட்டதும், நாளுக்கு நாள் உணவைக் குறைத்ததும் பரவலாகப் பேசப்படுகின்றன. ஆனால் நடிகர்கள் அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க ஜிபிஎஸ் கருவி தரப்பட்டதும், மற்றவர் பார்க்கக் கூடாத தனித்தனிக் குறிப்புகள் ஒவ்வொருவருக்கும் வைக்கப்பட்டதும், நடிப்பை நிறுத்த வேண்டுமானால் சொல்வதற்கு ஒரு சங்கேதச் சொல் இருந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்த ஏற்பாடுகள் இல்லாமல் மூன்று பேரைக் காட்டில் விடுவதற்குப் படப்பிடிப்பு என்று பெயரில்லை.

ஒலியில் மிச்சம் பிடிப்பதைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. இருட்டில் எதுவும் தெரியாத காட்சியைக் காப்பாற்றுவது தூரத்தில் முறியும் குச்சியின் சத்தம்தான். அதைத் தெளிவாகப் பதிவு செய்யாவிட்டால் திரையில் மிஞ்சுவது வெறும் கறுப்பு.

கடைசியாக, உண்மையான பெயர்களைக் கையாள்வது. பர்கிட்ஸ்வில் உண்மையில் இருக்கும் ஊர். மக்கள்தொகை 200-ஐக்கூட எட்டாது. காட்டுக் காட்சிகளில் பெரும்பாலானவை வேறிடத்தில், செனெகா க்ரீக் மாநிலப் பூங்காவில், எடுக்கப்பட்டிருந்தும், படம் வெளியானபின் ரசிகர்கள் அந்த ஊருக்குத்தான் படையெடுத்து, அதன் பெயர்ப்பலகைகளைத் திருடிச் சென்றார்கள். நடிகர்களும் தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்து, காணாமற்போனவர்களாக விளம்பரப்படுத்தப்பட்டதால், ஹெதரின் தாயாருக்கு இரங்கல் கடிதங்கள் வந்தன. ஊருக்குக் கற்பனைப் பெயர் வைத்துவிடுங்கள். நடிகரின் சொந்தப் பெயர்தான் வேண்டுமென்றால், அதை எங்கே, எத்தனை காலத்துக்கு, எந்த விளம்பரத்தில் பயன்படுத்துவீர்கள் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.