நீர்க்கடுப்பா? முதல் மாத்திரையை விழுங்கும் முன்

"ஒன்னுக்குப் போனா எரியுதுங்க. போன தடவ குடுத்த அதே மாத்திரைய குடுங்க." திருப்பூர், ஈரோடு பக்கம் மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பனியன் கம்பெனியில் கழிப்பறைக்குப் போகத் தயங்கித் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. கடுப்பு வந்தால் சூடு என்று இளநீர் குடிப்பார்கள். தணியாவிட்டால் அந்த மாத்திரை.

அந்த "அதே மாத்திரை"தான் பெரிய தவறு. சிறுநீர்த் தொற்றை உண்டாக்குவது பெரும்பாலும் நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் குடலில் இருப்பவற்றில் வலுவில்லாதவை சாகும், தாக்குப்பிடித்தவை பெருகும். அடுத்த தொற்று அவற்றிடமிருந்தே வரலாம். மருந்தை எதிர்க்கும் மரபணுக்களைப் பக்கத்துக் கிருமிக்கும் அவை கைமாற்றிவிடும். நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குகள் நம் நாட்டில் இப்படித்தான் பலருக்குப் பலிக்காமல் போயின. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

இரண்டு வேளை மாத்திரை போட்டுவிட்டு லேப்புக்கு வருவது இன்னொரு தவறு. கிருமி உடம்பில் இருந்தாலும் கல்ச்சரில், அதாவது லேப்பில் சிறுநீரிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்பது தெரியாமலே போய்விடும். முதலில் சிறுநீர், பிறகு மாத்திரை. லேப் தரும் டப்பாவிலேயே, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சேருங்கள், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரைக்கும் எதைச் சாப்பிடுவது என்று டாக்டர் சொல்வார்.

எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல், ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி தெரிந்தால் பெரும்பாலும் மருந்து வேண்டாம். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இப்படித் தெரிவது சகஜம். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப்பாதையில் அறுவை செய்யப்போகிறவர்களுக்கும் மட்டும் கணக்கு வேறு.

சாதாரண நீர்க்கடுப்புக்கு டாக்டர் தரும் ஆன்டிபயாடிக்குகளில் நைட்ரோஃபுரான்டாயின் பொதுவாக ஐந்து நாள், ஃபாஸ்ஃபோமைசின் ஒரே வேளை. எரிச்சல் நின்றதும் நிறுத்தி, மிச்சத்தை மருமகளுக்கு எடுத்து வைக்காதீர்கள். நீங்களாகப் பத்து நாளுக்கு நீட்டவும் வேண்டாம்.

குளிர்காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி இருந்தால் அது சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அதற்கு இந்த இரண்டு மருந்தும் போதாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய கல்ச்சர் ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். முன்பு எந்த மருந்து கேட்கவில்லை என்பதை டாக்டர் அதில்தான் பார்ப்பார்.