பாசுரத்தில் வரும் ஊரைத் தேடிப் போக

பழைய பாட்டில் வரும் ஊர்ப்பெயரை அப்படியே மேப்பில் தட்டினால் பல நேரம் சிக்காது. உரையோடு கூடிய பதிப்பைப் புரட்டினால் இன்றைய பெயர் கிடைத்துவிடும். திருவாய்மொழியில் நம்மாழ்வார் சொல்லும் வண்பரிசாரம், நாகர்கோவில் பக்கத்துத் திருப்பதிசாரம்தான். வாட்டாறு என்பது மார்த்தாண்டம் அருகிலுள்ள திருவட்டாறு.

ஒரு ஊருக்குத்தான் நேரம் என்றால் திருவட்டாறு போங்கள். ஆதிகேசவப் பெருமாள் ஏறத்தாழ 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கிறார். ஒரே பார்வையில் அடங்க மாட்டார். மூன்று வாசல் வழியாகப் பகுதி பகுதியாகத்தான் சேவிக்க முடியும். திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் உள்ள வாட்டாற்றுப் பதிகத்தைக் கைபேசியில் எடுத்துப்போய் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து வாசியுங்கள், அவ்வளவு நிறைவாக இருக்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள். அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.