ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்தப் பழகுதல்

ஹெலிகாப்டர் பயிற்சியில் புதியவர்களைத் திணறடிப்பது ஹோவர்தான். தரையிலிருந்து 5 அடி உயரத்தில், ஒரே இடத்தில், ஒரே திசையைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். நேராகப் பறப்பது முதல் நாளிலேயே ஓரளவு கைவந்துவிடும். ஹோவர் பிடிபடப் பெரும்பாலானோருக்கு 5 முதல் 10 மணி நேரப் பறப்பு ஆகிறது. அதற்காக மனம் தளர வேண்டாம்.

மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நின்று தொடங்குங்கள். மூன்று கன்ட்ரோல்களையும் ஒரேயடியாகக் கேட்டு வாங்காதீர்கள். முதலில் பெடல் மட்டும். மற்றவை பயிற்றுநர் கையில் இருக்கட்டும். தூரத்து மரம் ஒன்றை விட்டு மூக்கு விலகாமல் காலால் பிடித்துவைக்கப் பழகுங்கள்.

அடுத்தது கலெக்டிவ், அதாவது இருக்கையின் இடப்பக்க நெம்புகோல். இடது கையால் ஏற்றினால் உயரும், இறக்கினால் தாழும். ஆனால் ஏற்றும்போதே மூக்கும் திரும்பும். ராபின்சன் ஆர்22, ஆர்44 ஆகிய ஹெலிகாப்டர்களில் ரோட்டர் (தலைக்கு மேல் சுழலும் இறக்கைகள்), மேலிருந்து பார்த்தால், இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதனால் மூக்கு வலப்பக்கம் போகப் பார்க்கும். இடது பெடலைக் கொடுத்து நிறுத்த வேண்டும். பிரெஞ்சுத் தயாரிப்புகள் பலவற்றில் ரோட்டர் வலஞ்சுழி, அங்கே கால் மாறும்.

சைக்ளிக் கடைசி. ஹெலிகாப்டரை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்தும் பிடி இது. வலது முன்கையைத் தொடைமேல் வைத்து, கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மட்டும் பிடித்தால் போதும். இறுக்கிப் பிடிக்கும் கைக்கு எதுவும் தெரியாது. சைக்ளிக்கை அசைத்தால் முதலில் ரோட்டர் சாய்கிறது, பிறகு உடல் சாய்கிறது, அதற்கும் பின்னரே ஹெலிகாப்டர் நகர்கிறது. இந்த இடைவெளியில் பொறுமையிழந்து இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுவார்கள். அதன் விளைவு வந்து சேரும்போது மறுபக்கம் இழுப்பார்கள். ஊசலாட்டம் ஒவ்வொரு சுற்றிலும் பெருகும். மெல்ல ஓர் அழுத்தம், உடனே பழைய நிலைக்குத் திருப்புதல், பிறகு ஒரு நொடி காத்திருத்தல்: இதுதான் முறை. ஊசலாட்டம் பெருகிவிட்டால் தயங்காமல் பயிற்றுநரிடம் விட்டுவிடுங்கள்.

கண் ஸ்கிட்டுக்கு (ஹெலிகாப்டர் தரையில் நிற்கும் சறுக்குக் கால்) அருகே தரையில் நிலைத்தால் சிறு அசைவும் பெரிதாகத் தெரிந்து கை பதறும். பார்வை 15, 20 மீட்டர் அப்பாலும் அடிவானத்திலும் இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் பழகிவிட்டுச் சற்று ஓய்வெடுங்கள். களைத்த கை தானாகவே இறுகிவிடும்.

ஆர்22-இல் இடது ஸ்கிட் சற்றுத் தாழ்ந்து நிற்பது கோளாறு அல்ல. வாலில் உள்ள சிறு ரோட்டர் (டெயில் ரோட்டர்) முழு ஹெலிகாப்டரையும் வலப்பக்கம் தள்ளுகிறது. அதை ஈடுகட்டவே இந்த இடச்சாய்வு. சமமாக்க முயன்றால் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும்.

பக்கவாட்டில் நகரும்போது ஒருபோதும் தரையைத் தொடாதீர்கள். ஒரு ஸ்கிட் புல்லிலோ சேற்றிலோ மாட்டினால் அதையே அச்சாக வைத்து ஹெலிகாப்டர் கவிழத் தொடங்கும். பதற்றத்தில் கலெக்டிவை ஏற்றத் தோன்றும். அதுதான் கவிழ்ப்பதை விரைவாக்குகிறது. சைக்ளிக்கை மட்டும் நம்பினாலும் சாய்வு கைமீறிப் போகலாம். கலெக்டிவைத் தாமதிக்காமல், ஆனால் வெடுக்கென்று இல்லாமல், சீராக இறக்குங்கள்.